மாணவர் சமூகத் திட்டத்துக்கு எந்தப் பணம் பொருந்தும்? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு பகுதி மக்களோடு சேர்ந்து உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று நான்கைந்து கல்லூரி மாணவர்கள் முடிவெடுத்ததும் அடுத்து வரும் கேள்வி பணம். பாடத்தோடு இணைத்தால் துறையிலிருந்து செலவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். கல்லூரியின் சிறு மானியம் இருக்கும். விடுமுறைக்கால உதவித்தொகை, வெளி அறக்கட்டளைகளின் போட்டி, இணையத்தில் திரட்டுவது, கூட்டாளி அமைப்பின் சொந்த நிதி என்று இன்னும் சில வழிகளும் உண்டு. பெரும்பாலான அணிகள் எதில் தொகை அதிகம் என்று பார்த்து அதற்கு விண்ணப்பிக்கின்றன. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. தொகை பெருகப் பெருக அதன் தேதிகளும் நிபந்தனைகளும் இறுகுகின்றன. களத்து வேலைக்கோ அதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. பணம் வரும் காலமும் வேலை நடக்க வேண்டிய காலமும் பொருந்தாவிட்டால், எவ்வளவு கிடைத்தாலும் அது அறிக்கையாக மட்டுமே முடியும்.

அதனால் ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பணம் எந்த மாதம் கைக்கு வரும்? முன்பணமாக வருமா, செலவழித்து ரசீது கொடுத்த பிறகு வருமா? எதற்குச் செலவிடக் கூடாது? எல்லாம் முடிந்த பிறகு கருவிகளும் தரவுகளும் யாருடையவை? கடைசிக் கேள்வியை விண்ணப்பிக்கும்போது கேட்பவர்கள் குறைவு. பிரியும்போது மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அதனால்தான்.

ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்

ஒரு குடியிருப்போர் சங்கம் தங்கள் பகுதிக் கிணறுகளிலும் குழாய்களிலும் வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறது. ஐந்து மாணவர்கள், ஒரு வழிகாட்டிப் பேராசிரியர். கேள்வி சங்கத்திலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு அதற்கு மக்களைத் தேடிப் போவது வேறு கதை. அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். கீழ்ப்படிகளில் மக்கள் வெறுமனே கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறார்கள், மேல்படிகளில் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. தங்கள் திட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று அணி வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நல்லது. பணத்தைச் செலவிடும் முடிவில் சங்கத்துக்கு வாக்கு இல்லையென்றால் அது நடுப்படியைத் தாண்டவில்லை.

இந்த வேலைக்கு என்ன தேவை? 20 இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். வறண்ட காலத்தில் ஒரு சுற்று, மழை பிடித்த பிறகு ஒரு சுற்று. மேற்பரப்பு அழுக்கும் கழிவும் கிணற்றுக்குள் இறங்குவது மழையில்தான் என்பதால் வறண்ட காலத்து முடிவை மட்டும் வைத்து ‘பாதுகாப்பானது’ என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இரட்டை மாதிரிகள் (அதே இடத்தில் இரண்டாவது முறை எடுப்பவை), ஒரு வெற்று மாதிரி (தூய நீரை நிரப்பிச் சோதிப்பது) சேர்த்தால் 23. இரண்டு சுற்றுக்கு 46. கெட்டதாகத் தெரிந்த இடங்களில் மறுசோதனைக்கு 6 வைத்துக்கொண்டால் மொத்தம் 52.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 100 மி.லி. குடிநீரில் மலக் கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலி என்ற கிருமி கண்டறியப்படவே கூடாது; நைட்ரேட் லிட்டருக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது. நைட்ரேட் சோதனை எளிது. ஈ.கோலி அப்படியல்ல. மாதிரியை இருட்டில், குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் கிருமிநீக்கிய புட்டியில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டிருக்கும். கெட்ட தண்ணீர் நல்லதென்று முடிவு வரும். ஆகவே இந்தத் திட்டத்தில் வண்டிச் செலவும் குளிர்பெட்டியும் ‘இதர செலவு’ அல்ல. அவை இல்லாமல் சோதனைக்கே பொருளில்லை. எந்த மானியம் பயணச் செலவைத் தராதோ அது இந்த வேலைக்கு ஆகாது, தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.

இனி வழிகள்.

பாடத்தோடு இணைத்துச் செய்வது

தொகையில் இதுவே மிகச் சிறியது. ஆனால் விலையில்லாமல் கிடைப்பவை இதில்தான் அதிகம்: ஆய்வகம், கருவிகள், பேராசிரியரின் நேரம், கல்லூரியின் பொறுப்பேற்பு, மாணவருக்குக் கிரெடிட். கிரெடிட் முக்கியம். அது இருந்தால், பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவரும் அணியில் நிற்க முடியும். களத்தில் செலவிடும் நேரம் படிப்பு நேரமாகவே கணக்காகிறது.

இடைஞ்சல் காலம். செமஸ்டர் 15 வாரம் என்றால் முதல் மூன்று வாரம் அணி சேர்வதிலும் பயிற்சியிலும் போகும், கடைசி இரண்டு வாரம் தேர்வு. மிச்சம் 10 வாரம். ஐந்து பேர், வாரம் 4 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். கூட்டங்களுக்கும் அலைச்சலுக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள், சுமார் 130 மணி நேரம் நிற்கும். ஒரு சுற்று மாதிரிகளை எடுத்துச் சோதித்து எழுத அது போதும். இரண்டு பருவங்களைப் பிடிக்க ஒரு செமஸ்டரால் முடியாது.

இதற்கு நிரூபணமான தீர்வு உண்டு: திட்டத்தை மாணவருக்குக் கட்டாமல் அணிக்குக் கட்டுவது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கிய ‘எபிக்ஸ்’ திட்டம் இப்படித்தான் நடக்கிறது. சமூக அமைப்பு ஒன்றோடு அணியின் உறவு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. மாணவர்கள் செமஸ்டருக்குச் செமஸ்டர் சேர்கிறார்கள், விலகுகிறார்கள். நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970களில் உருவான ‘அறிவியல் கடைகள்’ இன்னொரு முன்மாதிரி. அங்கே குடிமக்கள் குழுக்கள் கேள்வியைக் கொண்டுவரும், மாணவர்கள் படிப்பின் பகுதியாக அதை ஆராய்வார்கள். நம் எடுத்துக்காட்டில் முதல் அணி வறண்ட காலச் சுற்றை முடித்து, அடுத்த அணிக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுத வேண்டும். எந்தக் கிணறு, யாருடைய அனுமதி, மாதிரி எடுத்த ஆழம், நேரம், அன்றைய வானிலை, எந்த முறையில் சோதனை ஆகியவை அதில் இருக்க வேண்டும். முறை மாறினால் இரண்டு பருவத்து முடிவுகளையும் ஒப்பிட முடியாது.

மணிக்கணக்கை மட்டும் பார்க்கும் ஏற்பாடுகளில் ஒரு எச்சரிக்கை. இந்தியாவின் நாட்டு நலப்பணித் திட்டம் ஆண்டுக்கு 120 மணி நேரம் கேட்கிறது; மெக்சிகோவில் பட்டம் பெற குறைந்தது 480 மணி நேர சமூகப் பணி வேண்டும். இவை பெரும் எண்ணிக்கையில் மாணவர்களைக் களத்துக்குக் கொண்டுவருகின்றன, அது பெரிய காரியம். ஆனால் மணி நேரம் நிரம்பியதும் வேலை முடிந்தது என்று எழுதிக்கொள்ளும் பழக்கமும் கூடவே வரும். அதைத் தடுக்க ஒரு வழிதான்: சங்கத்தின் கையில் என்ன கொடுக்கப் போகிறோம், எந்தத் தேதியில் என்று முதல் வாரத்திலேயே எழுதிவைப்பது. அந்தப் பொருள் கைமாறிய பிறகே மதிப்பெண் என்று பேராசிரியர் வைத்தால் இன்னும் நல்லது.

கல்லூரியின் சிறு மானியம்

ஓரிரு பக்க விண்ணப்பம், சில வாரங்களில் பதில், நிபந்தனை குறைவு. முதல் முறை இறங்கும் அணிக்கு இதைவிடப் பொருத்தமான பணம் இல்லை. ஆனால் இதன் உள்ளே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பல கல்லூரிகளில் இது செலவழித்த பின் திரும்பக் கிடைக்கும் பணம். மாணவர் தன் கைக்காசைப் போட்டு, ரசீது சேர்த்து, படிவம் நிரப்பி, கணக்குப் பிரிவில் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வசதி உள்ளவர் போடுவார். வசதி இல்லாதவர் காரணம் சொல்லாமல் அணியிலிருந்து விலகிப் போவார். யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை. களத்து மக்களை மிக நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் பல நேரம் அவராகவே இருப்பார்.

இதைத் தவிர்க்க மூன்று ஏற்பாடுகளில் ஒன்றை விண்ணப்பத்திலேயே கேளுங்கள். பொருட்களுக்குத் துறையே நேரடியாக ஆர்டர் கொடுத்துக் கடைக்குப் பணம் செலுத்துவது ஒன்று. பேராசிரியர் பெயரில் முன்பணம் எடுத்து வவுச்சர் வைத்துத் தீர்ப்பது இரண்டாவது. பயணத்துக்குக் கல்லூரி வண்டியையே கேட்பது மூன்றாவது. மூன்றும் முடியாது என்று சொன்னால், அணியில் யாரும் தன் பணத்தைப் போடத் தேவையில்லாத அளவுக்குத் திட்டத்தைச் சுருக்குவது மேல்.

பில் திரும்பி வருவதற்கான காரணங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒப்புதல் தேதிக்கு முன் வாங்கிய பொருள். கல்லூரிப் பெயர் இல்லாத பில். கொட்டேஷன் வாங்காமல் வாங்கிய கருவி. ‘உணவு’ என்று மட்டும் எழுதி, எந்தக் கூட்டம், எத்தனை பேர் என்று எழுதாத ரசீது. நிதியாண்டு முடிவு இன்னொரு பள்ளம்: செலவழியாத தொகை அன்றோடு காலாவதியாகலாம். மழைக்காலச் சுற்று நிதியாண்டின் அந்தப் பக்கம் விழுகிறதா, இந்தப் பக்கமா என்று முன்பே பாருங்கள்.

உள்ளூர் மக்களுக்கு மதிப்பூதியம் கொடுப்பதுதான் இந்த வழியில் மிகவும் இழுபறியாகும். மாதிரி எடுக்கக் கூடவே வந்து கிணறுகளைக் காட்டும் ஒருவருக்குப் பணம் கொடுக்கக் கணக்குப் பிரிவில் தலைப்பே இல்லாமல் இருக்கலாம். அவரைப் பதிவு செய்ய அடையாள ஆவணமும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். களத்தில் வாக்குக் கொடுப்பதற்கு முன் கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கொடுத்த வாக்கை இரண்டு மாதம் இழுத்தடிப்பதைவிட நம்பிக்கையை வேகமாக அழிப்பது எதுவுமில்லை.

விடுமுறைக்கால உதவித்தொகை

இங்கே பணம் திட்டத்துக்கு அல்ல, மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கு. எட்டு வாரம், வாரம் 35 மணி நேரம் என்றால் ஒருவரே 280 மணி நேரம் தருகிறார். ஐந்து பேர் ஒரு செமஸ்டர் முழுக்கத் தரும் 200 மணி நேரத்தைவிட இது அதிகம், அதுவும் துண்டுபடாத நேரம். வீடு வீடாகப் பேசுவது, வரைபடம் போடுவது, பழைய பதிவுகளைத் தோண்டுவது போன்ற வேலைக்கு இது அருமையானது.

குறைகள் மூன்று. புட்டி, சோதனை, வண்டி எதற்கும் இதில் காசில்லை; வேறிடத்தில் தேட வேண்டும். விடுமுறை ஒரே பருவத்தில் விழுகிறது. மூன்றாவது, முழுநேரம் ஒருவர் வந்து நின்றால் அவருக்கு வேலை சொல்லவும் சரிபார்க்கவும் சங்கத்தில் யாராவது இருந்தாக வேண்டும். விடுமுறையில் அவர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். விண்ணப்பிக்கும் முன், உதவித்தொகை வந்தால் ஏற்கெனவே வாங்கும் கல்வி உதவி குறையுமா, வரி உண்டா என்று மாணவர் தனக்காகவும் விசாரிக்க வேண்டும்.

வெளி அறக்கட்டளைகள், போட்டிகள்

எல்லோரும் கண்வைப்பது இதைத்தான். ‘அமைதிக்கான திட்டங்கள்’ என்ற மாணவர் மானியம் நல்ல உதாரணம்: அமெரிக்க நன்கொடையாளர் கேத்ரின் வாஸர்மன் டேவிஸ் தன் நூறாவது வயதில், 2007இல் தொடங்கிவைத்தது, ஒரு திட்டத்துக்கு 10,000 டாலர், கோடைக்காலத்தில் செய்து முடிக்க வேண்டும், பங்கேற்கும் கல்லூரிகளின் மாணவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். தொகை, காலம், தகுதி மூன்றும் எப்படிச் சேர்ந்தே வருகின்றன பாருங்கள். இவ்வகை மானியங்களில் பெரும்பாலும் விண்ணப்பத்துக்கும் பணம் கைக்கு வருவதற்கும் இடையே பல மாதங்கள் ஓடும். இன்று எழுதும் மாணவரில் சிலர் பணம் வரும்போது பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள்.

அதைவிட ஆழமான சிக்கல், போட்டி கேள்வியையே மாற்றிவிடுவது. நடுவர்கள் ‘புதுமை’ கேட்கிறார்கள். கெட்டுப்போன கிணற்றுக்கு வேண்டியது பெரும்பாலும் மிகப் பழைய சங்கதிகள்: விரிசல் விட்ட சுற்றுத்தளத்தைப் பூசுவது, மூடி போடுவது, தேங்கும் நீருக்கு வடிகால் வெட்டுவது, பக்கத்துக் கழிவுக்குழியைச் சரிசெய்வது. இதை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயந்து அணி ஒரு செல்பேசிச் செயலியைச் சேர்க்கும். பணம் கிடைத்ததும் அந்தச் செயலியைச் செய்தே ஆக வேண்டும். சங்கம் கேட்டது மூடி. இந்த வழியில் போவதானால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: சங்கத்தின் கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதி, அவர்களிடம் வாசித்துக் காட்டி, அதற்கு நேரடியாக உதவாத எதையும் விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். அப்படி எழுதித் தோற்பது பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை இவை. பணம் யார் கணக்குக்கு வரும்? மாணவர் அணிக்குச் சட்டப்படி கணக்கு இருக்காது. கல்லூரியோ பதிவு பெற்ற அமைப்போ வாங்க வேண்டும். கல்லூரி வாங்கினால் நிர்வாகச் செலவாகக் குறிப்பிட்ட சதவீதம் பிடிக்குமா, அதை மானியம் தருபவர் ஏற்பாரா? தவணை எத்தனை? இறுதித் தவணை அறிக்கைக்குப் பிறகுதான் என்றால் அதுவரை செலவைத் தாங்கப் போவது யார்? வெளிநாட்டுப் பணம் என்றால் பெறுபவருக்கு அதற்குரிய அனுமதி உண்டா? புகைப்படம், விளம்பரம் பற்றிய கட்டாயம் என்ன? எந்தக் கிணற்றில் கிருமி இருந்தது என்ற தரவை யார் வெளியிடலாம்? இந்தக் கடைசி விஷயம் விளையாட்டல்ல. ஒரு வீட்டுக் கிணறு கெட்டது என்று வெளியே தெரிந்தால் வாடகைக்கு ஆள் வராது. உரிமையாளருக்கு முதலில், தனியாக, தீர்வோடு சேர்த்துச் சொல்வது என்று ஒவ்வொருவரிடமும் மாதிரி எடுக்கும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஆதரவுக் கடிதத்தைக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் சங்கத்திடம் கேட்காதீர்கள். பணம் கிடைக்கும் என்ற எண்ணத்தையும் ஏற்படுத்தாதீர்கள். ‘கிடைத்தால் இரண்டு சுற்று, கிடைக்காவிட்டால் பாடத்தின் வழியாக ஒரு சுற்று’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் திரட்டுவதும் நிறுவன ஆதரவும்

கண்ணுக்குத் தெரியும், விலை தெரிந்த, ஒருமுறை முடியும் பொருளுக்கு இது சரி: ஐந்து கிணற்றுக்கு மூடி என்பது போல. சோதனைக்கும் பயணத்துக்கும் இதில் ஆதரவு கிடைப்பது கடினம். தளக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம் போக எவ்வளவு கைக்கு வரும், இலக்கை எட்டாவிட்டால் திருப்பித் தர வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மக்களின் இல்லாமையைப் படமாக்கித் திரட்டும் பணம் வேண்டவே வேண்டாம். அந்தப் பதிவை அவர்களும் படிப்பார்கள். நிறுவனங்களில், நீர் வடிகட்டி விற்பவர் நீர்ச் சோதனைக்குக் கொடுக்கும் பணத்தைத் தொடக் கூடாது. முடிவு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் நம்ப ஆள் இருக்காது.

கூட்டாளி அமைப்பின் பணத்தில் சேர்ந்துகொள்வது

சங்கமோ அதற்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனமோ ஏற்கெனவே ஒரு நிதி வைத்திருந்து, அதில் ஒரு பகுதியாக மாணவர்கள் வேலை செய்வது. காலம் பொருந்துவதில் இதற்கு நிகரில்லை. பணத்தின் தேதி களத்தின் தேதியைப் பார்த்தே வைக்கப்பட்டிருக்கும். முடிந்த பிறகு கருவிகளும் தரவும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். நிறைய அணிகள் இந்த வழியைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

ஆபத்து இரண்டு. மாணவர்கள் சம்பளமில்லாத ஆட்களாக மாறி, கற்றுக்கொள்ள எதுவுமில்லாத தரவுப் பதிவு வேலையில் மாட்டலாம். அல்லது முடிவு அமைப்புக்குச் சங்கடமாக இருந்தால் அதை அமுக்கச் சொல்லலாம், அந்த அமைப்பே பதித்த குழாயில் கிருமி இருப்பது போல. தொடக்கத்திலேயே ஒரு பக்க உடன்படிக்கை போதும்: மாணவர் கற்கப்போவது என்ன, வாரம் எத்தனை மணி நேரம், மாற்றுக் கருத்து வந்தால் யார் தீர்ப்பது, பாதுகாப்பு சம்பந்தமான முடிவை எத்தனை நாளுக்குள் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

பட்ஜெட்டை நூறு பங்காகப் பிரித்தால்

எந்த வழியானாலும் இந்த நீர்ச் சோதனைக்குப் பிரிப்பு ஏறக்குறைய இப்படி அமையும்:

- சோதனை, புட்டி, வேதிப்பொருள்: 35
- வண்டி, குளிர்பெட்டி, பனிக்கட்டி: 15
- சங்கத்தின் ஒருங்கிணைப்பாளர் நேரம்: 15
- களத்தில் உதவும் உள்ளூர் மக்களுக்கு மதிப்பூதியம்: 10
- மறுசோதனை, சிறு பழுதுபார்ப்பு: 10
- முடிவுகளைச் சொல்லும் கூட்டம், அச்சு: 8
- எதிர்பாராதது: 5
- கையுறை, முதலுதவி, காப்பீடு: 2

மாணவர் எழுதும் பட்ஜெட்டுகளில் மூன்றாவது வரியைத்தான் பெரும்பாலும் காணோம். ஒருங்கிணைப்பாளர் வாரம் 2 மணி நேரம் தந்தால் 15 வாரத்தில் 30 மணி நேரம். அதைப் பட்ஜெட்டில் போடாவிட்டால், வசதி குறைந்த தரப்பு வசதியுள்ள தரப்பின் படிப்புக்கு மானியம் தருகிறது என்று பொருள். பணம் தரும் இடம் இதை அனுமதிக்கவில்லையா? அப்படியானால் அவர்களின் வேறு ஏதாவது தேவையை, கணக்கு எழுதுவதையோ பதிவுகளைக் கணினியில் ஏற்றுவதையோ, அதே 30 மணி நேர அளவுக்குச் செய்து கொடுங்கள்.

மறுசோதனை வரியையும் வெட்டாதீர்கள். கெட்டது என்று சொல்லிவிட்டு, சரிசெய்த பிறகு மறுபடி பார்க்கக் காசில்லாமல் கிளம்பும் அணி, பயத்தை மட்டுமே விட்டுச் செல்கிறது.

காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

மழை தொடங்கும் மாதத்தை இறுதிக் குறியாக வையுங்கள். அதற்கு ஆறு மாதம் முன் சங்கத்தோடு பேச்சு. ஐந்து மாதம் முன் கேள்வியும் இடங்களும் முடிவாக வேண்டும். நான்கு மாதம் முன் விண்ணப்பம். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்கப் போகிறீர்கள் என்றால் அது மனிதர்களைப் பற்றிய ஆய்வு; நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கும் வாரங்களும் மாதங்களும் ஆகலாம் என்பதால் பண விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். இரண்டு மாதம் முன் வறண்ட காலச் சுற்று. அதற்கு முந்தைய வாரம் இரண்டே இடங்களில் ஒத்திகை. குளிர்பெட்டி ஆய்வகம் வந்துசேர எவ்வளவு நேரம் என்பது அன்றுதான் தெரியும். இந்தக் கணக்கில் எந்தப் பணம் வறண்ட காலச் சுற்றுக்கு முன் கைக்கு வராதோ அதை அந்தச் சுற்றுக்கு நம்பாதீர்கள்.

எதை எடுப்பது?

முதல் முறை என்றால் பாடமும் கல்லூரியின் சிறு மானியமும் சேர்ந்தது. வேறு யோசனையே வேண்டாம். சிறிய தொகையில் ஒரு சுற்றை ஒழுங்காக முடித்த அணிக்கு அடுத்த ஆண்டு வெளி மானியத்தில் காட்ட முடிவுகள் இருக்கும், சங்கத்தின் கடிதமும் உள்ளபடியே எழுதப்பட்டதாக இருக்கும். அணியில் ஒருவருக்காவது கைக்காசு போட வசதியில்லை என்றால், பாதித் தொகையே ஆனாலும் முன்பணமாக வருவதை எடுங்கள். வேலை பருவத்தைச் சார்ந்தது என்றால் பருவத்துக்கு முன் வருவதை. கட்டுமானமோ பழுதுபார்ப்போ பெரிதாக இருந்தால் மாணவர் பெயரில் எதையும் எடுக்காமல் கூட்டாளி அமைப்பின் வழியாகப் போங்கள். கட்டியது இடிந்தால் பொறுப்பேற்க ஊரில் இருப்பவர்கள் அவர்கள். பேசுவதும் பதிவு செய்வதுமே முக்கிய வேலை என்றால் விடுமுறை உதவித்தொகை. வெளிப் போட்டியை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சங்கமே ‘பெரிதாகச் செய்யலாம்’ என்று கேட்டால்.

நடைமுறையில் பல அணிகள் இரண்டு பணத்தைச் சேர்த்தே ஓட்டுகின்றன. அப்போது ஒரு தாளில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நிதிக்கும் ஒரு நெடுவரிசை என்று எழுதுங்கள். ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டுவது, தெரியாமல் நடந்தாலும், கல்லூரியின் பெயரையே அடுத்த மானியங்களிலிருந்து அடித்துவிடும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டி வந்தால் செலவழிக்கும் முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள்; முன்பே கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், பின்னால் சொன்னால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். அந்தத் தாளின் நகலை மாதம் ஒருமுறை சங்கத்துக்கும் கொடுங்கள். தங்கள் பெயரைச் சொல்லி எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. குளிர்பெட்டி யாரிடம் இருக்கும், கிணறுவாரியான முடிவுத்தாள் யாரிடம் இருக்கும் என்று அந்தத் தாளின் அடியிலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்திடலாம்.